310 ஸ்குவாட்ரனில் மறைந்தவர்கள்: ஆளுக்கு ஒரு வரியாவது எழுதுங்கள்

#1 பழைய ஏர் மெக்கானிக்

எங்கள் ஸ்குவாட்ரன் வாட்ஸ்அப் குழுவில் நேற்று விடியற்காலை ஒரு செய்தி வந்தது. எங்களோடு வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் ஒருவர் தவறிவிட்டார். 78 வயது. மத்தியானத்துக்குள் 41 பேர் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டார்கள். நானும் போட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. அவர் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்று எங்களில் ஒருத்தர்கூட ஒரு வரி எழுதவில்லை.

நான் எழுதுகிறேன். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில், ராத்திரி, கப்பல் ஆடிக்கொண்டிருக்கும். அலிசே விமானத்தின் இறக்கை மடிகிற மூட்டில் ஒரு வயர் கோளாறு. டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல் விரலாலேயே கோளாறு இருந்த வயரைப் பிடித்தார். கீழே நின்று அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். இறங்கி வந்ததும் டார்ச்சைச் சட்டையில் துடைத்துவிட்டு, "இனி மடியும்" என்றார். இரண்டே வார்த்தை.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். 310 என்பது இந்தியக் கடற்படையின் விமான ஸ்குவாட்ரன்களில் ஒன்று. கோப்ரா என்பார்கள். 1961 மார்ச் 21 அன்று பிரான்சில் ஈயேர் என்ற இடத்தில் தொடங்கியது. அலிசே பிரெஞ்சு விமானம். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதுதான் அதன் வேலை. ஒரு டார்ட் இன்ஜின், ஒரு விசிறி, உள்ளே மூன்று பேர். நான் 1972இல் கடற்படையில் சேர்ந்தவன், சில்கா பயிற்சித்தளம் வருவதற்கு முந்தைய ஆள். 1974இல் 310க்கு வந்தேன்.

1990இல் வெளியே வந்ததிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஸ்குவாட்ரனில் யார் இறந்தாலும் பெயரும் தேதியும் எழுதுவேன். நேற்றோடு 63 பெயர். திருப்பிப் பார்த்தால் பெயரும் தேதியும்தான் இருக்கிறது. 20 பேரைப் பற்றி எனக்கே ஒரு சம்பவமும் நினைவுக்கு வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இங்கே இருக்கிற பழைய ஆட்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். எப்படி இறந்தார் என்பது வேண்டாம். சுகர், ஹார்ட், கீழே விழுந்தார், அதெல்லாம் வேண்டாம். என்ன வேலை செய்தார், எப்படிச் செய்தார். அது போதும்.

#2 கருடா கொச்சி

நல்ல காரியம் சீஃப். நான் 310 இல்லை. கொச்சி ஐஎன்எஸ் கருடாவில் பயிற்சிப் பிரிவில் இருந்தேன். 310க்குப் போன பையன்கள் நிறையப் பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். எழுதுகிறேன், ஆனால் ஒரு கேள்வி. பெயரை இங்கே போடலாமா? எல்லார் வீட்டிலும் ஒத்துக்கொள்வார்களா?

#3 பழைய ஏர் மெக்கானிக்

நல்ல கேள்வி. பொதுவில் ஏற்கெனவே தெரிந்த பெயர்களைத் தவிர மற்றவர்கள் பெயர் இங்கே வேண்டாம். சம்பவத்தை மட்டும் எழுதுங்கள். பெயரைத் தனிச்செய்தியில் எனக்கு அனுப்புங்கள், வீட்டில் கேட்டுவிட்டு. நோட்டில் நான் எழுதிக்கொள்கிறேன்.

#4 ஓய்வுபெற்ற அப்சர்வர்

சீஃப், உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஸ்குவாட்ரனின் நினைவுப் பட்டியல் என்றால் பணியில் உயிர்விட்டவர்களுக்கு மட்டும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1971 டிசம்பர் 9 ராத்திரி, டையூவுக்கு அப்பால் நம் போர்க்கப்பல் ஐஎன்எஸ் குக்ரியை பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். மறுநாள் அந்த நீர்மூழ்கியைத் தேடும் வேட்டையில் நம் அலிசே ஒன்று இருந்தது. லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய், லெப்டினன்ட் சிரோஹி, ஏர்க்ரூமேன் விஜயன். பாகிஸ்தான் விமானப்படையின் எஃப்-104 அதைச் சுட்டு வீழ்த்தியது. மூவரும் திரும்பவில்லை.

அலிசேயில் பறந்தவர்களுக்குத் தெரியும் அது என்ன அர்த்தம் என்று. முழு வேகத்தில் போனாலும் மணிக்கு 500 கி.மீ. வாக்கில்தான் போகும். துரத்தி வந்தது ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கிற ஜெட். சண்டை போடுவதற்காகக் கட்டிய விமானமே இல்லை இது. கடலைப் பார்த்துக்கொண்டு, வயிற்றிலிருந்து ரேடார் குடுவையை இறக்கிவைத்துக்கொண்டு, தாழ்வாக மெதுவாகச் சுற்றுவதற்கான விமானம். அந்த மூன்று பேர் அதில் ஏறிப் போனார்கள்.

அவர்கள் பெயர் இருக்கிற அதே பக்கத்தில், 80 வயதில் வீட்டில் படுக்கையில் இறந்தவர் பெயரையும் எழுதுவது சரியா? அவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மூவருக்கு உரிய இடம் தனியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

#5 உச்சிப்புளிக்காரன்

சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மூவருக்கும் தனி இடம் ஏற்கெனவே இருக்கிறதே. டில்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவிடம் போரில் விழுந்தவர்களுக்காகத்தானே கட்டியது? கிரானைட்டில் பெயர் பெயராகச் செதுக்கியிருக்கிறார்கள். வீட்டில் இறந்த எலக்ட்ரீஷியனுக்கு எந்தச் சுவரும் இல்லை. அவருக்கு இருப்பது சீஃப்பின் நோட்டு மட்டும்தான்.

#6 பழைய ஏர் மெக்கானிக்

அப்சர்வர் சார், வணக்கம். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

நான் வந்து சேர்ந்தபோது போர் முடிந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அந்த மூவரோடு சாப்பிட்டவர்கள், அவர்கள் பறந்த விமானங்களுக்கு எரிபொருள் ஊற்றியவர்கள் எல்லாரும் ஸ்குவாட்ரனில்தான் இருந்தார்கள். அதிகம் பேசமாட்டார்கள். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். சாயங்காலம் விமானம் திரும்புகிற நேரத்தில், டூட்டி முடிந்தவர்கள்கூட உடனே கீழே இறங்கிப்போக மாட்டார்கள். கடைசி விமானமும் வந்து, வால் கொக்கி தளத்து வயரில் மாட்டி நின்று, இறக்கையை மடிக்கிற வரைக்கும் மேலேயே நிற்பார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. புதுப் பையன்கள் நாங்களும் பார்த்துப் பழகி நிற்க ஆரம்பித்தோம். காரணம் ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அதனால்தான் ஒரே நோட்டு வைத்திருக்கிறேன் சார். பறந்தவர் ஒரு பக்கம், காத்திருந்தவர் ஒரு பக்கம் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. விமானம் கிளம்புவதற்கு முன் 700ஆம் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவன் மெக்கானிக். பைலட் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஏறுகிறார். திரும்பி வராத விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டவன் அதற்குப் பிறகு 40 வருஷம் வாழ்ந்தாலும் அந்தக் கையெழுத்தோடுதான் வாழ்கிறான். எதிரி சுட்டான், தன் மேல் தப்பில்லை என்று அவனுக்கே தெரிந்தாலும்.

ராய் சார், சிரோஹி சார், விஜயன் மூவரும் என் நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கிறார்கள். நான் பார்த்தே இராதவர்கள். இருந்தும் அங்கேதான் தொடங்கினேன். பதவி எழுதவில்லை, எல்லாரையும் தேதி வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். முதல் பக்கம் உங்களுக்குச் சம்மதம் என்று நினைக்கிறேன்.

#7 ஓய்வுபெற்ற அப்சர்வர்

சாயங்காலம் மேலே நிற்கிற விஷயம் எனக்குத் தெரியாது சீஃப். நாங்கள் உள்ளே இருந்தோம். இறங்கும்போது தளத்தில் ஆட்கள் நிற்பது தெரியும். வேலைக்காக நிற்கிறார்கள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

நோட்டு ஒன்றாகவே இருக்கட்டும்.

நானும் ஒரு வரி தருகிறேன். என்னோடு பறந்த ஏர்க்ரூமேன் ஒருவர், 2016இல் காலமானார். சோனோபாய், அதாவது கடலுக்கடியில் கேட்கிற ஒலி மிதவை, போட்டதும் ஹெட்போனில் கடல் சத்தம் வரும். இறால் கூட்டத்தின் பொரிகிற சத்தம், மழை சத்தம், தூரத்தில் போகிற சரக்குக் கப்பலின் விசிறி சத்தம் எல்லாம் கலந்து வரும். எங்களுக்கு இரைச்சல்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இது இரண்டு விசிறிக் கப்பல் சார், ஒன்றில் அடி வாங்கியிருக்கிறது" என்பார். கீழே போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். பெயரைத் தனியாக அனுப்புகிறேன்.

#8 அரக்கோணம் மகன்

அப்பா 312 ஸ்குவாட்ரனில் இருந்தவர். 310 பற்றிய இழையில் எழுதலாமா?

#9 பழைய ஏர் மெக்கானிக்

எழுது தம்பி.

#10 அரக்கோணம் மகன்

நன்றி ஐயா. அப்பா டியூ-142 என்ற பெரிய கண்காணிப்பு விமானத்தில் வேலை பார்த்தார். 1988இல் கோவாவுக்கு அந்த விமானம் வந்தபோதே இருந்தார். 1992இல் அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி விமானத்தளம் தொடங்கியதும் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டோம். நான்கு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றுகிற இரண்டு விசிறி. கிளம்பினால் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். அம்மா சமையலறையிலிருந்தே "உங்கப்பா விமானம்" என்பார். அப்பா அதில் ஏறிப் பறந்ததே கிடையாது, தரையில்தான் வேலை. ஆனாலும் எங்களுக்கு அது அப்பா விமானம்தான்.

2017 மார்ச் 29 அன்று அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். ஒரு விமானத்தை விசாகப்பட்டினம் கடற்கரையில் மியூசியமாக வைத்திருக்கிறார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஏறி நடக்கலாம். அம்மா ஏறவில்லை. கீழேயே நின்று, சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். "இதைத்தான் உங்கப்பா நாள் முழுக்கத் துடைச்சிட்டு இருந்தாரா" என்று கேட்டார். அப்பா இருந்தது சக்கரம், பிரேக் பிரிவு.

இதுதான் என் ஒரு வரி. நீளமாகிவிட்டது.

#11 கருடா கொச்சி

நீளம் பரவாயில்லை தம்பி.

#12 கோவா வாசி

நான் சிவிலியன், கோவாவில் கடற்படையின் ஹான்சா விமானத்தளத்துக்கு வெளியே இருந்தவன். 315 ஸ்குவாட்ரனையும் யாராவது சொல்ல வேண்டும். ஐஎல்-38 விமானங்கள். 1977 அக்டோபர் 1இல் தொடங்கிய ஸ்குவாட்ரன். 2002 அக்டோபர் 1, வெள்ளிவிழா நாள். அன்றைக்கு இரண்டு ஐஎல்-38 வானத்தில் மோதி விழுந்தன. இரண்டிலும் இருந்த 12 பேரும் இறந்தார்கள். தரையிலும் உயிர்ச்சேதம். அந்த ஸ்குவாட்ரன்காரர்களுக்குப் பிறந்த நாளும் நினைவு நாளும் ஒன்றாகிவிட்டது. அன்றைக்கு விழா பார்க்கக் குடும்பங்கள் வந்திருந்தன என்பதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

#13 உச்சிப்புளிக்காரன்

310க்கும் அப்படி ஒரு மார்ச் உண்டு. இளையவர்களுக்குத் தெரியும், பெரியவர்கள் அலிசேயோடு நிறுத்திவிடுகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

அலிசே போன பிறகு 310க்கு டோர்னியர் என்ற கண்காணிப்பு விமானம் வந்தது. 2015 மார்ச் 24 ராத்திரி, பயிற்சிப் பறப்பில் கோவாவுக்கு அப்பால் ஒரு டோர்னியர் கடலில் விழுந்தது. ஸ்குவாட்ரனின் பிறந்த நாள் முடிந்து மூன்றாம் நாள். மூன்று பேரில் ஒருவரை மீன்பிடிப் படகு காப்பாற்றியது. லெப்டினன்ட் அபினவ் நாகோரி, லெப்டினன்ட் கிரண் ஷெகாவத் இருவரும் போய்விட்டார்கள். கிரண் அப்சர்வர், விமானத்தில் வழியையும் ரேடாரையும் பார்க்கிற அதிகாரி. கடற்படையில் பணியின்போது உயிர்விட்ட முதல் பெண் அதிகாரி.

எங்கள் ஊர்ப்பக்கம் ஐஎன்எஸ் பருந்து என்ற கடற்படை விமானத்தளம் இருக்கிறது. பெயரே தமிழ்ப்பெயர். அங்கேயிருந்து டோர்னியர் பறப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தச் செய்தி வந்த ராத்திரி எங்கள் மீனவர்களே டிவியைவிட்டு எழுந்திருக்கவில்லை. காப்பாற்றியது ஒரு மீன்பிடிப் படகு என்று தெரிந்ததும் ஒரு பெரியவர், "மிச்ச ரெண்டு பேரும் நம்மாளுங்க கையில கிடைச்சிருக்கக் கூடாதா" என்றார்.

#14 பழைய ஏர் மெக்கானிக்

அவர்கள் இருவரும் நோட்டில் இல்லை. வெட்கமாக இருக்கிறது. என் காலத்து ஆட்களை மட்டும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது எழுதிவிட்டேன். அப்படியானால் 65. என் காலம், உன் காலம் என்று ஸ்குவாட்ரனுக்கு இல்லை. சுட்டிக்காட்டியதற்கு நன்றி தம்பி.

#15 சங்க வேலைக்காரர்

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். நினைவு கூர்வதோடு இன்னொன்றையும் செய்யுங்கள். நோட்டில் இருக்கிற ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டு அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு போன் போடுங்கள்.

முன்னாள் படைவீரர் சங்கத்தில் 12 வருஷமாகப் படிவம் எழுதிக்கொடுக்கிறேன். போன வருஷம் ஒரு மாலுமியின் மனைவி வந்தார். கணவர் இறந்து இரண்டு வருஷம். குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. ஓய்வூதிய ஆணையில் அந்த அம்மா பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது, ஆதாரில் வேறு மாதிரி. ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கே முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருஷமும் மகன் வீட்டில் கையேந்தி இருந்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் அவர் கணவருக்குக் கைகூப்பியவர்கள் எத்தனை பேரோ, ஒருவர்கூட அந்த அம்மாவைக் கேட்கவில்லை.

உயிரோடு இருக்கும்போதே ஆணையில் மனைவி பெயர், பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தவறியதும் இறப்புச் சான்றிதழோடு ஸ்பர்ஷ் ஓய்வூதிய இணையதளத்திலோ உங்கள் வங்கியிலோ தெரிவித்துவிடுங்கள். இறந்தவருக்கு 67 வயது ஆகியிருக்காவிட்டால், 7 வருஷம் அல்லது அவருக்கு 67 ஆகியிருக்கும் நாள் வரை, எது முன்னதோ அதுவரை, கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் வரும். அப்புறம் 30 சதவீதம். பல வீடுகளில் இந்த 50 சதவீத விஷயமே தெரியாது. குழப்பம் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள், படிவத்தை அங்கேயே நிரப்பித் தருவார்கள்.

#16 பழைய ஏர் மெக்கானிக்

செய்கிறேன். நாளைக்கே தொடங்குகிறேன், நாளுக்கு இரண்டு வீடு.

#17 பேத்தி

வணக்கம் தாத்தா. உங்களைத் தாத்தா என்று கூப்பிடலாம் என்று நினைக்கிறேன். என் தாத்தா 310இல் இருந்தார், 2009இல் இறந்துவிட்டார். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. இந்த இழையைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். பாட்டி ஒன்று கேட்கச் சொன்னார்.

தாத்தா தினமும் ராத்திரி படுக்கும் முன் சமையலறைக்குப் போய்க் கரண்டிகளை எண்ணுவாராம். சின்னது, பெரியது, தோசைத் திருப்பி எல்லாம். ஒன்று குறைந்தால் படுக்கமாட்டார். சிங்க்கில், குப்பைக் கூடையில், பக்கத்து வீட்டில்கூடத் தேடுவார். அப்புறம் தெருவில் நடந்தால் குனிந்து குனிந்து ஆணி, கல், கம்பித்துண்டு எதைப் பார்த்தாலும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். துவைக்கும்போது பாட்டி கையில் குத்துமாம். இதற்காக எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறாராம். "அவருக்குக் கடைசிவரைக்கும் என்னவோ மனசுல இருந்துச்சு, எனக்குச் சொல்லவே இல்ல" என்கிறார். அது நோயா, பழக்கமா? உங்களுக்குத் தெரியுமா?

#18 பழைய ஏர் மெக்கானிக்

தெரியும் அம்மா. பாட்டிக்கு மெதுவாகப் படித்துக் காட்டு.

விமானம் பறப்பதற்கு முன்னால் நாங்கள் எல்லாரும், அதிகாரி மாலுமி என்று பார்க்காமல், தளத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தோளோடு தோள் வரிசையாக நிற்போம். அப்படியே குனிந்துகொண்டே நடப்போம். ஒரு போல்ட், ஒரு வயர்த் துண்டு, பெயின்ட் செதில்கூடக் கிடக்கக் கூடாது. எங்கள் காலத்தில் தளத்தில் அலிசேயோடு சீஹாக் ஜெட்டும் இருந்தது. ஒரு சின்ன நட்டை இன்ஜின் உறிஞ்சினால் போதும், உள்ளே தகடுகள் நொறுங்கும். மேலே போன பிறகு நொறுங்கினால் கீழே கடல்தான். அந்த நடையில் கிடைப்பதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வோம். ஆணி குத்தின சட்டை எங்கள் எல்லாருக்கும் உண்டு.

கரண்டி விஷயமும் அதேதான். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுவோம். 24 கொண்டுபோனால் 24 திரும்ப வர வேண்டும். 23 இருந்தால் அந்த விமானம் பறக்காது. கேப்டனே வந்து நின்றாலும் பறக்காது. ஸ்பேனர் உள்ளே எங்காவது விழுந்து, பறக்கும்போது கன்ட்ரோல் கம்பியில் சிக்கினால் மூன்று பேர் உயிர். பேனலைத் திரும்பக் கழற்றி, ராத்திரி முழுக்கத் தேடுவோம். ஒருமுறை விடியற்காலை 4 மணிக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடைத்தது. வேறு ஒருத்தன் பெட்டியில் மாறிப் போயிருந்தது. கிடைத்ததும் ஒருத்தரும் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

உன் தாத்தாவுக்கு நோய் இல்லை. பாட்டி மனசில் வைத்திருந்த கேள்விக்கு இதுதான் பதில். அவர் மறைத்தது ஒன்றுமில்லை. எண்ணிவிட்டுப் படுத்தால்தான் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான்.

#19 ஓய்வுபெற்ற அப்சர்வர்

அம்மா, பாட்டியிடம் இதையும் சொல்லுங்கள். அவர் எண்ணியதால்தான் என்னைப் போன்றவர்கள் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.

#20 பேத்தி

படித்துக் காட்டினேன். பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பீரோவிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். தாத்தா பையிலிருந்து எடுத்த ஆணி, நட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போடாமல் அதில்தான் போட்டு வைத்திருந்திருக்கிறார். "வேணாம்னு திட்டினேன், ஆனா தூக்கிப் போட மனசு வரலை" என்கிறார்.

தாத்தா பெயரை நோட்டில் எழுதலாம் என்றும் சொன்னார். தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன். அவருக்கு எதிரே எழுத வேண்டிய வரியைப் பாட்டியே சொன்னார்: "எண்ணாம படுக்கமாட்டாரு."

#21 பழைய ஏர் மெக்கானிக்

பெயர் வந்தது. பெயரைப் பார்த்ததும் முகம் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு நான்கு வருஷம் சீனியர், ஏர்ஃப்ரேம் பிரிவு. அவர் வரி பாட்டி சொன்னபடியே இருக்கட்டும், நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. 66.

அவர் 310க்கு வந்த வருஷம் மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வீட்டில் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும், அதில் எந்தத் தேதியில் எந்தக் கப்பல், எந்தத் தளம் என்று வரிசையாக இருக்கும். பார்த்துச் சொல் அம்மா. கிடைக்கவில்லை என்றால் மும்பை மான்கூர்டில் இருக்கிற மாலுமிகள் பதிவு அலுவலகத்துக்கு அவர் சர்வீஸ் நம்பரைப் போட்டு எழுதலாம், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். இடத்தை நோட்டில் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.